கணக்கில் 20,691... தமிழில் 8!

2024 மே மாதம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியான காலையில், தொலைக்காட்சிகளில் வழக்கமான அந்தப் பட்டியல் ஓடியது. எந்தப் பாடத்தில் எத்தனை பேர் நூற்றுக்கு நூறு? கணிதம் 20,691. அறிவியல் 5,104. சமூக அறிவியல் 4,428. ஆங்கிலம் 415. தமிழ் 8.

எட்டே எட்டுப் பேர்! ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் எழுதிய தேர்வில், பேச்சு வந்த நாள் முதலாகப் பேசும் மொழியில் சென்டம் வாங்கியவர்கள் அத்தனை பேரையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். கணக்கில் வாங்கியவர்களை உட்கார வைக்க ஒரு கிரிக்கெட் மைதானம் வேண்டும். இந்தப் பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் உடனே தோன்றுவது ஒன்றுதான்: நம் பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது, தமிழ்தான் தகராறு.

அடுத்த ஆண்டு, 2025. தமிழில் மறுபடியும் அதே 8. கணிதத்தில்? 1,996.

இருபதாயிரத்துச் சொச்சம் ஒரே ஆண்டில் இரண்டாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதே நேரத்தில் அறிவியல் 10,838 ஆகவும், சமூக அறிவியல் 10,256 ஆகவும் இரட்டிப்புக்கு மேல் ஏறின. 2024-க்கு ஓராண்டு பின்னால் போய் 2023-ஐப் பார்த்தால் கணித சென்டம் 3,649தான். அதாவது அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் 3,649, 20,691, 1,996. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் ராமானுஜன்களாகி, மறு வருடம் வாய்ப்பாட்டை மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வருடம் புத்தகத்தின் பின்பக்கக் கணக்குகள் அப்படியே வந்திருக்கும். இன்னொரு வருடம் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று சுற்றி வளைத்து வந்திருக்கும். சென்டத்தைக் காலி செய்ய ஒரே ஒரு கேள்வி போதும்.

தமிழின் எட்டுக்குக் காரணம் வேறு. கணக்கில் விடை சரியென்றால் சரிதான். ஸ்டெப் எழுதியிருந்தால் ஸ்டெப் மார்க் உண்டு. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் முழு மதிப்பெண் போட, திருத்துகிறவரின் கை கூசும். எங்கேயாவது ஓர் ஒற்றுப்பிழை, ஒரு லகர ளகரக் குழப்பம் கண்ணில் படும். அரை மதிப்பெண் போனால் சென்டம் போயிற்று. ஆக, அந்தப் பட்டியலில் 20,691-ஐயும் 8-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, தங்கத்தைப் படியிலும் நெல்லைச் சவரனிலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்பதைப் போல.

சரி, இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க ஒரு தேர்வைச் செய்துவிட்டால்? அமெரிக்கா அதைச் செய்து பார்த்தது. நூறாண்டு ஆகிறது.

இரண்டு 450

1926 ஜூன் 23 அன்று 8,040 மாணவர்கள் கல்லூரி நுழைவுக்கான முதல் எஸ்ஏடி தேர்வை எழுதினார்கள். வடிவமைத்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் கார்ல் பிரிகம். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வைக்கப்பட்ட அறிவுத்திறன் சோதனைகளில் வேலை பார்த்தவர். அந்தச் சோதனை மதிப்பெண்களை வைத்து, வட ஐரோப்பிய இனத்தாரே புத்தியில் உயர்ந்தவர்கள் என்று 1923-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஏழாண்டு கழித்து, 1930-ல், தன் முடிவு ஆதாரமற்றது என்று அவரே எழுதி ஒப்புக்கொண்டார். ஒரு மொழியில் வைக்கும் சோதனையை, அந்த மொழியைக் கற்கச் சம வாய்ப்புக் கிடைத்தவர்களிடையே மட்டும்தான் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். எஸ்ஏடியின் தந்தையே சொன்ன இந்த வாக்கியத்தை அதன் பிற்கால ரசிகர்கள் அதிகம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

நமக்கு வியப்பாக இருக்கும் இன்னொரு விஷயம், அந்தத் தேர்வில் கணக்குக்கு இடம் கிடைக்கவே பெரும்பாடு பட்டது. 1928, 1929 ஆண்டுகளில் கணக்கே இல்லை. 1930-ல் தனிப் பிரிவாகத் திரும்பி வந்தது. 1936 முதல் 1941 வரை மறுபடி வெளியேற்றப்பட்டது. 1942-ல் வந்தது நிலைத்துவிட்டது. சொல்வளமும் வாசிப்பும்தான் கல்லூரிக்குத் தேவையான மூளை என்று அன்றைய கிழக்குக் கடற்கரைக் கனவான்கள் நினைத்தார்கள்.

அளவுகோல் பிறந்தது 1941-ல். அந்த ஆண்டு மொழிப்பிரிவை எழுதிய சுமார் பத்தாயிரம் பேரின் சராசரியை 500 என்று வைத்தார்கள். கீழெல்லை 200, மேலெல்லை 800. மறு ஆண்டு கணிதமும் அதோடு பிணைக்கப்பட்டது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டின் தாளும் பழைய தாளோடு சமன் செய்யப்பட்டது; ஏற்கெனவே கேட்ட சில கேள்விகளைச் சத்தமில்லாமல் புதிய தாளில் கலந்து வைத்து, இந்த ஆண்டுத் தாள் கடினமா சுலபமா என்று கண்டுபிடிப்பார்கள். நம் 20,691, 1,996 கூத்து அங்கே நடக்காததற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

ஆனால் வேறொரு கூத்து நடந்தது. 1941-ல் தேர்வெழுதியவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். எழுபதுகளில் எழுதியவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேர். விவசாயி வீட்டுப் பிள்ளை, குடியேறி வீட்டுப் பிள்ளை, கறுப்பினப் பிள்ளை, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பெண். சராசரி இறங்கியது. 1963-ல் மொழி 478, கணிதம் 502. 1980-ல் மொழி 424, கணிதம் 466. சரிவின் நடுவிலேயே அமெரிக்கா பதறியது. முன்னாள் தொழிலாளர் துறை அமைச்சர் வில்லர்ட் விர்ட்ஸ் தலைமையில் குழு அமைத்தார்கள். சரிவின் முதல் கட்டத்துக்குப் பெருங்காரணம், எழுதுகிறவர்கள் மாறியதே என்று 1977-ல் அது அறிக்கை தந்தது.

இதில் யாரும் பெரிதாகக் கவனிக்காத சங்கதி, இரண்டு பிரிவும் ஒரே வேகத்தில் இறங்கவில்லை என்பது. மொழி அதிகமாக இறங்கியது, கணிதம் குறைவாக. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மொழியின் சராசரி 420-களில் கிடந்தது, கணிதத்தின் சராசரி 470-களில்.

அப்போது ஒரு மாணவி மொழியில் 450, கணிதத்தில் 450 வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தாளைப் பார்க்கிறார். இரண்டும் சமம், பரவாயில்லை, இரண்டிலும் ஒரே மாதிரி சுமாராகப் படிக்கிறாள் என்று மடித்து வைக்கிறார். உண்மையில் அவள் மொழியில் சராசரிக்கு மேலே, கணிதத்தில் சராசரிக்குக் கீழே. மொழியில் கெட்டிக்காரியாக இருந்த பெண்ணுக்கு அது தெரியாமலே போயிற்று. இது ஒருவர், இருவர் கதையல்ல. தேர்வை நடத்தும் கல்லூரி வாரியம் 1995 ஏப்ரலில்தான் இரண்டு சராசரிகளையும் மறுபடி 500-க்கு இழுத்து வைத்தது. ஒரே நாளில் அமெரிக்க மாணவர்களின் மொழி மதிப்பெண் காகிதத்தில் எழுபது எண்பது புள்ளி எகிறியது. தரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் திட்டின. பல பத்தாண்டுகளாக ஒரே எண்ணுக்கு இரண்டு அர்த்தம் இருந்ததைப் பற்றித் திட்டியவர்கள் குறைவு.

அமெரிக்கக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். மேற்படிப்புக்காக ஜிஆர்இ எழுதும் நம்மூர்ப் பொறியியல் பட்டதாரிகளிடம் கேட்டுப் பாருங்கள். வெர்பல் (மொழி), குவாண்ட் (கணக்கு) இரண்டுக்கும் ஒரே அளவுகோல்: 130 முதல் 170. வெர்பலில் 160 வாங்கினால், உலகம் முழுக்க எழுதியவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டவர்கள் உங்களுக்குப் பின்னால். குவாண்டில் அதே 160 வாங்கினால் ஏறத்தாழப் பாதிப் பேர் உங்களுக்கு முன்னால். காரணம் லேசானது: குவாண்டில் போட்டி போடுகிறவர்களில் பெருங்கூட்டம் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வரும் எஞ்சினியர்கள்.

“எனக்குக் கணக்கு வராது”

எண்கள் இப்படிக் குழம்பிக் கிடந்தாலும், பிள்ளைகள் அவற்றை ஒப்பிடாமல் இருப்பதில்லை. அங்கேதான் விஷயம் தீவிரமாகிறது.

ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1986-ல் ஒரு புதிரை விளக்கினார். மொழியில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கிலும் நன்றாகத்தான் எடுக்கிறார்கள். எஸ்ஏடியில்கூட இரண்டும் கைகோத்தே போகின்றன. ஆனால் “எனக்கு மொழி வரும்”, “எனக்குக் கணக்கு வரும்” என்ற நம்பிக்கைகளைக் கேட்டு அளந்தால், இரண்டுக்கும் கிட்டத்தட்டத் தொடர்பே இல்லை. ஏன்? ஒரு பிள்ளை தன்னைப் பக்கத்து பெஞ்சோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. தன்னுடைய இன்னொரு பாடத்தோடும் ஒப்பிடுகிறது.

ஒரு வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் தமிழில் 95, கணக்கில் 85. அவள் அம்மாவிடம் சொல்வது, “எனக்கு மேத்ஸ்தாம்மா வீக்.” அதே வகுப்பில் ஒரு பையன் தமிழில் 60, கணக்கில் 75. அவன் சொல்வது, “நமக்கெல்லாம் மேத்ஸ்தான் மச்சி.” கணக்கில் அந்தப் பெண் இவனைவிடப் பத்து மதிப்பெண் அதிகம். ஆனால் கணக்கைக் கைவிடப்போவது அவள்தான்.

இது கற்பனை வகுப்புதான்; ஆனால் உலகம் முழுக்க இதுவே நடப்பதாகத் தரவுகள் சொல்கின்றன. 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்படும் பன்னாட்டுத் தேர்வான பிசாவில், 2022-ல் வளர்ந்த நாடுகளின் சராசரியை எடுத்தால் கணிதத்தில் பையன்கள் 9 புள்ளி முன்னால். வாசிப்பில் பெண்கள் 24 புள்ளி முன்னால். அதாவது கணித இடைவெளி சிறியது, வாசிப்பு இடைவெளி பெரியது. தாமஸ் பிரெடா, க்ளோடில்ட் நாப் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012 பிசாவை எழுதிய சுமார் மூன்று லட்சம் மாணவர்களின் விவரங்களை எடுத்து அலசினார்கள். கணிதம் சார்ந்த படிப்பை விரும்புவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 சதவீதம் வரை, கணித மதிப்பெண்ணால் அல்லாமல், ஒவ்வொருவரின் கணித மதிப்பெண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் விளக்கிவிடலாம் என்று 2019-ல் எழுதினார்கள். பெண் கணக்கில் மட்டமில்லை. வாசிப்பில் அதைவிட நன்றாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1,490 மாணவர்களைப் பள்ளி இறுதியிலிருந்து நடுவயது நெருங்கும்வரை பின்தொடர்ந்த ஒரு 2013 ஆய்வும் இதே பக்கம் சாய்கிறது. எஸ்ஏடியில் கணிதம் உயர்வு, மொழி நடுத்தரம் என்று இருந்தவர்கள் அறிவியல், தொழில்நுட்ப வேலைகளுக்குப் போனார்கள். இரண்டும் உயர்வாக இருந்தவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை; அவர்களுக்கு வேறு கதவுகளும் திறந்திருந்தன. அந்த இரண்டாவது கூட்டத்தில் பெண்களே அதிகம்.

“ஆண் மூளை, பெண் மூளை” வாதக்காரர்களுக்கு ஒரு காலத்தில் வலுவான ஆயுதம் ஒன்று இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஸ்டான்லி, 13 வயதுக்குட்பட்ட சூட்டிகையான பிள்ளைகளுக்குப் பெரிய பிள்ளைகளின் எஸ்ஏடியை வைத்துப் பார்த்தவர். கணிதத்தில் 700-க்கு மேல் எடுத்தவர்களில் ஒரு பெண்ணுக்கு 13 பையன்கள் என்று அவரும் கமில்லா பென்போவும் 1983-ல் வெளியிட்டார்கள். உலகச் செய்தியானது. பிற்பாடு அந்த விகிதம் ஒன்றுக்கு நான்கு என்ற அளவுக்கு இறங்கியது செய்தியாகவில்லை. இருபது முப்பது ஆண்டில் மூளை மாறாது. பெண்களை எந்த வகுப்பில் உட்கார வைக்கிறார்கள் என்பது மாறும்.

தமிழ்நாட்டில் மொழியையும் கணக்கையும் ஒப்பிட்டு யோசிக்கக்கூட நேரமில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பதினொன்றில் எந்த குரூப் என்று முடிவாகிறது. அதற்குப் பிறகு மொழிக்கு வேலையே இல்லை. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பூஜ்யம்.

351-ம் 337-ம்

ஆண்டுக்காண்டு ரப்பர் போல நீண்டு சுருங்காத அளவுகோல் கொண்ட தேர்வில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை நிறுத்திப் பார்த்தது ஒரே ஒரு முறை. 2009 சுற்றுப் பிசாவின் நீட்டிப்பில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011-ன் இறுதியில் முடிவு வந்தது. தமிழ்நாடு கணிதத்தில் 351, வாசிப்பில் 337. வளர்ந்த நாடுகளின் சராசரி இரண்டிலும் 490-களில். ஷாங்காய் கணிதத்தில் 600, வாசிப்பில் 556. பங்கேற்ற 74 இடங்களில் நம் இரு மாநிலங்களும் கடைசிக்குப் பக்கத்தில். அதற்கடுத்த சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்றது அரசு.

கடைசி இடம் பற்றிய கூச்சலில் ஒரு சுவாரசியமான முரண் அமுங்கிப்போனது. கணிதச் சராசரி வாசிப்பைவிட 14 புள்ளி அதிகம். அப்படியானால் கணக்கில்தானே அதிகம் பேர் தேறியிருக்க வேண்டும்? இல்லை. அடிப்படைத் தகுதி நிலையைத் தொட்டவர்கள் வாசிப்பில் 17 சதவீதம், கணிதத்தில் 15 சதவீதம். எப்படி? வாசிப்பில் அந்தக் கோடு 407-ல் போடப்பட்டிருந்தது, கணிதத்தில் 420-ல். சராசரியைப் பார்த்தால் கணக்குப் பிள்ளைகள். கோட்டைப் பார்த்தால் வாசிப்புப் பிள்ளைகள். மேடைக்குத் தகுந்தபடி எந்த எண்ணையும் எடுத்துப் பேசலாம். இரண்டிலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கோட்டைத் தாண்டவில்லை என்பதுதான் மறைக்க முடியாத சேதி.

மாம்பழக் கணக்கு

இதையெல்லாம் கேட்டபின் ஒரு சந்தேகம் வரும். மொழி, கணக்கு என்று இரண்டு தனிப்பெட்டிகள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

ஒரு கணக்கு. மாலாவிடம் 12 மாம்பழங்கள் இருக்கின்றன. அது கண்ணனிடம் இருப்பதைவிட 5 அதிகம். கண்ணனிடம் எத்தனை? நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். “அதிகம்” என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டிவிட்டு 17 என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். விடை 7. பன்னிரண்டிலிருந்து ஐந்தைக் கழிக்கத் தெரியாத பிள்ளையா அது? விரலில்கூட எண்ணிவிடும். தவறியது “இருப்பதைவிட” என்ற சொல்லில். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களே இந்த வகைக் கணக்கில் தடுமாறுவதை லூயிஸ், மேயர் என்ற இருவர் 1987-லேயே காட்டியிருக்கிறார்கள். தேர்வுத்தாளில் இது கணக்குத் தவறு என்றே பதிவாகும்.

சொல் எப்போதும் இடைஞ்சல் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் தேங்காயும் தின்பண்டமும் விற்ற ஐந்து பிள்ளைகளை டெரசின்யா காராஹர் குழுவினர் சோதித்தது கல்வி ஆய்வில் பிரசித்தம், 1985-ல் வெளியானது. 35 குருசேரோ விலையில் பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டால், 12 வயதுப் பையன் பத்தால் பெருக்குவதில்லை. மூன்று 105, இன்னொரு மூன்று சேர்த்தால் 210, இன்னொரு மூன்று 315, மிச்சம் ஒன்று, ஆக 350. கடையில் கேட்டபோது அந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 சதவீதம் சரி. அதே வகைக் கணக்கை வாக்கியமாக எழுதிக் கொடுத்தபோது 74. வெறும் எண்களாகக் காகிதத்தில் நீட்டியபோது 37. இவர்களின் “கணிதத் திறன்” எவ்வளவு? எந்தத் தாளில் கேட்டோம் என்பதைச் சொல்லாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு வழி 1977 முதல் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆசிரியை ஆன் நியூமன், தவறான கணக்கைப் பார்த்ததும் சிவப்பு மையால் சுழிப்பதற்குப் பதில், பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஐந்து விஷயம் கேட்டார். கேள்வியை வாசி. என்ன கேட்கிறார்கள், சொல். எப்படிப் போடப்போகிறாய்? போட்டுக் காட்டு. விடையை எழுது. தவறுகளில் கணிசமான பங்கு, பிள்ளை கூட்டவோ கழிக்கவோ தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுவதை அவர் கண்டார்.

ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. அரையாண்டுத் தேர்வின் கணக்குத் தாள் வீட்டுக்கு வரும்போது, பக்கத்திலிருக்கும் தமிழ் மதிப்பெண்ணோடு அதை ஒப்பிட்டு, “உனக்கு இதுதான் வரும், அது வராது” என்று சொல்லிவிடாதீர்கள். டியூஷன் தேடுவதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். பிள்ளை எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். முதல் இரண்டு படியில் என்றால், பார்க்க வேண்டியது தமிழாசிரியரை.